கணையப் புற்றுநோய் வலிக்கு நரம்பு பிளாக்: எப்போது கேட்பது, எப்படித் தயாராவது

கணையப் புற்றுநோயின் வலி மேல்வயிற்றின் ஆழத்தில் குடைந்து முதுகு வரை பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். மார்ஃபின் அளவு ஏற ஏற வலி அடங்கினாலும் மலச்சிக்கல், குமட்டல், பகல் தூக்கம் என்று நோயாளி வேறு விதத்தில் தளர்ந்துபோவார். அந்த நிலை வருவதற்கு முன்பே செலியாக் பிளெக்சஸ் நியூரோலிசிஸ் (மேல்வயிற்றின் வலியைக் கடத்தும் செலியாக் நரம்புப் பின்னலை ஊசி மருந்தால் செயலிழக்கச் செய்வது) பற்றி வலி மருத்துவரிடம் கேளுங்கள். கட்டி நரம்புப் பின்னலைச் சூழ்ந்துவிட்டால் மருந்து பரவ இடம் இருக்காது. ‘எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் இதன் முழுப் பலனை இழக்கிறார்கள்.

எந்த வலி?

கணையம், கல்லீரல், பித்தப்பை, இரைப்பை, சிறுகுடல் ஆகியவற்றின் வலி உணர்வு மகாதமனிக்கு முன்புறம் இருக்கும் செலியாக் நரம்புப் பின்னல் வழியாகத்தான் மேலே போகிறது. கருப்பை, மலக்குடல் போன்ற இடுப்புக்குழி உறுப்புகளின் வலிக்கு இது உதவாது. அதற்கு இன்னும் கீழே சுப்பீரியர் ஹைப்போகேஸ்ட்ரிக் பிளெக்சஸ் என்ற வேறொரு நரம்புப் பின்னலில் ஊசி போடுவார்கள். வயிற்றுச் சுவரில் எழும் வலிக்கும் இது பலிக்காது. நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, வலிக்கும் இடத்தை மருத்துவர் விரலால் அழுத்தியபடி தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார். அப்போது வலி கூடினால் அது சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நாள்பட்ட கணைய அழற்சிக்கு வழக்கமாக நரம்பை அழிப்பதில்லை. மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்து, நரம்பைத் தற்காலிகமாகத் தடுக்கும் பிளாக் மட்டும் செய்வார்கள். அதன் பலன் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். புற்றுநோய்க்கு ஆல்கஹால் செலுத்தி நரம்பையே செயலிழக்கச் செய்வது நியூரோலிசிஸ். அது பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் தாங்கும்.

முன்னேற்பாடு

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள் முன்னும் க்ளோபிடோக்ரலை 7 நாள் முன்னும் நிறுத்துவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ரத்தத் தட்டணு எண்ணிக்கை, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) அறிக்கைகள் கையில் இருக்கட்டும். குடிப்பழக்கத்தை விட டைசல்ஃபிராம் எடுத்துக்கொள்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே செலுத்தப்போவதும் ஆல்கஹால்தான். குடல் அடைப்பு இருந்தாலோ, ஊசி இறங்கும் இடத்தில் கிருமித்தொற்று இருந்தாலோ செய்ய மாட்டார்கள்.

திட உணவு 6 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. வலி மாத்திரையை அன்று காலை எடுப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வலி பொறுக்காமல் புரளும் நோயாளியால் குப்புறப் படுக்க முடியாது.

செய்யும்போது

குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் விழாமலிருக்க முதலிலேயே 500 முதல் 1000 மி.லி. சலைன் ஏறும். எக்ஸ்ரே அல்லது சி.டி. படத்தைப் பார்த்தபடி சுமார் 15 செ.மீ. நீள மெல்லிய ஊசியை முதல் இடுப்பு முள்ளெலும்பின் பக்கவாட்டில் இருபுறமும் இறக்குவார்கள். சாய மருந்து சரியான இடத்தில் பரவுகிறதா, ரத்தக்குழாய்க்குள்ளோ தண்டுவடப் பக்கமோ போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. மரத்துப்போகும் மருந்து முதலில், பிறகு 50 முதல் 100% ஆல்கஹால், மொத்தம் ஏறக்குறைய 20 முதல் 40 மி.லி. ஊசியை உருவும் முன் சிறிது சலைன் செலுத்துவது, வரும் வழியில் ஆல்கஹால் கசிந்து எரியாமலிருக்க.

எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக இரைப்பைக்குள்ளிருந்தும் செய்யலாம். குப்புறப் படுக்க முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

செய்த பின்

குடலை அடக்கிவைக்கும் சிம்பதெடிக் நரம்புகளும் இதே பின்னலில்தான் ஓடுகின்றன. அவை ஓய்ந்ததும் வயிற்றுப்போக்கு வருகிறது. வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்கள் விரிவதால் அழுத்தம் இறங்குகிறது. இரண்டும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். கட்டிலிலிருந்து மெதுவாக எழுப்பி, சில நிமிடம் உட்கார வைத்து, பிறகு நடக்க வையுங்கள். வயிற்றுப்போக்கு தொடங்கினால் மலமிளக்கியை நிறுத்துவது பற்றி உடனே கேளுங்கள். பழக்கத்தில் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உடல் வற்றிப்போகும்.

மார்ஃபின் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வலி இருக்கும்போது தாங்கிய அதே அளவு, வலி போனதும் அளவுக்கு மீறியதாகிவிடும். எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மூச்சு மந்தமானால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்காக ஒரே நாளில் முற்றிலும் நிறுத்தவும் கூடாது. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று மருந்து திடீரென நின்றதால் வரும் தொல்லை தொடங்கும். அதை ஊசியின் விளைவு என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. மருத்துவர் சொல்லும் படிகளில் குறையுங்கள்.

ஊசி இறங்கிய இடத்தில் சில நாள் வலி இருக்கும். கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, சிறுநீர் அடைபடுவது, சிறுநீரில் ரத்தம், மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியவற்றில் எதுவானாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் தமனி பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழப்பது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பற்றி மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒரு வாரம் கழித்தும் வலி குறையவில்லை என்றால், செலியாக் பின்னலுக்கு வலியைக் கடத்தும் வழியில் முதுகெலும்பை ஒட்டி இன்னும் மேலே இருக்கும் ஸ்ப்ளாங்க்னிக் நரம்புகளில் ஊசி போட முடியுமா என்று கேட்கலாம். கட்டி செலியாக் பின்னலை மூடியவர்களுக்கும் அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.