சிகரெட்டை விட்டவரின் நுரையீரலுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு: தேக்கா சந்தையிலிருந்து தொடங்கலாம்

அப்பா சிகரெட்டை விட்ட மூன்றாவது வாரம், ஒரு மாலை கையில் மாத்திரைப் புட்டியோடு வீட்டுக்கு வந்தார். "எல்லாக் காய்கறிச் சத்தும் இதுல இருக்காம்மா. நுரையீரலைக் கழுவி விட்டுடும்னு கடையில சொன்னாங்க" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் புகைத்தவர். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சத்துப் பட்டியலின் முதல் வரியிலேயே, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைத்தவர்கள் மாத்திரையாக எடுத்துக்கொள்ளவே கூடாத பொருள் அது. கடையில் ஒருவர்கூட அவரிடம் "நீங்கள் புகைப்பவரா?" என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதன் பிறகு சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். சமையலில் அனுபவம் இல்லாதவரும் செய்யலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

சிகரெட்டின் ஒரே ஒரு இழுப்பில் உள்ளே போகும் ஃப்ரீ ராடிக்கல்களின் எண்ணிக்கை, 10 கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருவது. ஃப்ரீ ராடிக்கல் என்பது ஓர் எலக்ட்ரான் குறைந்து நிற்கும் துகள். அந்தக் குறையைத் தீர்க்கப் பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று எதிலிருந்தாவது பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கப்பட்டது கெட்டுப்போகும். ஆன்டிஆக்சிடன்ட் தன்னிடமுள்ள எலக்ட்ரானைத் தானே கொடுத்து அந்தத் துகளை அடக்கும். நம் நுரையீரலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய ஈரப் படலத்தில் வைட்டமின் சி, குளூட்டாதயோன் போன்றவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. புகைப்பவர்களின் உடலில் வைட்டமின் சி வேகமாகச் செலவாகிவிடும். அதனால்தான் மற்றவர்களைவிட அவர்களுக்குத் தினமும் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்க உணவு வழிகாட்டி 2000ஆம் ஆண்டிலேயே சொன்னது.

இன்னொரு சேதமும் உண்டு. புகையை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள், மீள்தன்மையுள்ள இழைகளை அரிக்கும் ஒரு நொதியை வெளியிடும். அந்த நொதியைக் கட்டுக்குள் வைக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைப் புகை செயலிழக்கச் செய்துவிடும். அப்போது காற்றுப்பைகளின் சுவர் அரிபட்டு உடையும். உடைந்த சுவரை எந்தக் கீரையும் திரும்பக் கட்டாது. மீதி இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தத் தட்டு.

படி 1: சிகரெட்டை விடுவது

கீரையும் பழமும் இதற்குப் பிறகுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்றில், புகைப்பதைத் தொடர்ந்த ஆண்களின் மூச்சுத் திறன் (ஒரு நொடியில் வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) வருஷத்துக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் குறைந்தது. விட்டவர்களுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் குறைந்தது. இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டும் காய் உலகத்தில் கிடையாது.

சிங்கப்பூரில் 1800 438 2000 என்ற குவிட்லைன் எண்ணை அழைக்கலாம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் 28 நாள் கணக்கில் போகிறது. அப்பாவுக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. குளிர்பெட்டிக் கதவில் நாள்காட்டியை ஒட்டி, ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டே வந்தார். நிக்கோடின் ஒட்டுப்பட்டையும் சூயிங்கமும் மருந்துக் கடையில் கிடைக்கும். 1992இல் சூயிங்கம்மைத் தடை செய்த ஊர் இது. 2004இல் மருந்துக்கான சூயிங்கம்மை மட்டும் அனுமதித்தது. பதிலுக்கு வேப் என்ற மின்சிகரெட்டைப் பிடிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இங்கே அதை வைத்திருப்பதே குற்றம்.

இன்னும் விட முடியவில்லை என்றாலும் மேலே படியுங்கள். 44,000க்கும் மேற்பட்ட சுவீடன் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. அதில், தினமும் கூடுதலாகச் சாப்பிட்ட ஒவ்வொரு பங்கு காய் பழத்துக்கும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு புகைப்பவர்களிடம் 8 விழுக்காடும், விட்டவர்களிடம் 4 விழுக்காடும் குறைவாக இருந்தது. காய்கறி சாப்பிடுபவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருக்கலாம் என்பதால் இதை முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கீரை வாங்கிவர இது போதுமான காரணம்.

படி 2: மாத்திரைகளை எடுத்து வெளியே வைப்பது

வீட்டில் இருக்கும் சத்து மாத்திரைகள் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். பீட்டா கரோட்டின், அதிக அளவு வைட்டமின் ஏ என்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

காரணம் இதுதான். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். புற்றுநோய் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துச் சோதித்தார்கள். அங்கே புற்றுநோய் 28 விழுக்காடு அதிகம். 1996 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக்சிஜனும் புகையும் நிறைந்த இடத்தில் இவ்வளவு பெரிய அளவு போய்ச் சேரும்போது, பீட்டா கரோட்டினே சிதைந்து தீங்கான பொருளாக மாறுகிறது என்று கருதுகிறார்கள்.

"அப்போ கேரட்டும் கூடாதா?" என்று அப்பா கேட்டார். கேரட் சாப்பிடலாம். ஆய்வுகள் கண்ட தீங்கு மாத்திரையில்தான். காயில் அந்தச் சத்து நார்ச்சத்தோடும் இன்னும் நூறு பொருளோடும் கலந்து மெதுவாகத்தான் உள்ளே போகிறது.

படி 3: சந்தையில் என்ன வாங்குவது

தேக்காவோ பக்கத்து புளோக்கின் ஈரச்சந்தையோ, எது வசதியோ அங்கே போகலாம். வாரத்துக்கு இரண்டு தடவை போனால் கீரை வாடாது.

கொய்யா கண்டிப்பாக வேண்டும். 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். ஆரஞ்சில் 50 சொச்சம்தான். பாதிக் கொய்யாவே அன்றைய தேவையைத் தீர்த்துவிடும். வெட்டி விற்கும் கடையில் வாங்கினால், உப்பும் சர்க்கரையும் கலந்த பிளம் தூளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாகற்காயிலும் வைட்டமின் சி நிறைய உண்டு.

அடுத்து பப்பாளியும் மாண்டரின் ஆரஞ்சும். இவற்றில் பீட்டா கிரிப்டோசாந்தின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரிலேயே 1993 முதல் 1998 வரை 63,000க்கும் மேற்பட்ட சீனர்களைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இதை உணவில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது. புகைப்பவர்களிடமும் அப்படித்தான். 2003இல் இது வெளியானது. நம் ஊர் மக்கள், நம் கடையில் கிடைக்கும் பழம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

தக்காளியும் ஆப்பிளும் மலிவாகவே கிடைக்கும். ஜெர்மனி, நார்வே, பிரிட்டன் நாடுகளில் 10 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், தினமும் இரண்டு தக்காளிக்கு மேலோ, மூன்று பங்கு பழத்துக்கு மேலோ சாப்பிட்டவர்களின் மூச்சுத் திறன் மெதுவாகவே குறைந்தது. புகையை விட்டவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் புதிதாகச் சாப்பிட்ட பழத்துக்கும் தக்காளிக்கும்தான் அந்தப் பலன். பாட்டில் சாஸில் அது தெரியவில்லை.

கடைசியாக முட்டைக்கோஸ் குடும்பம்: கைலான், சாய் சிம் என்ற சீனக் கீரைகள், புரோக்கோலி, முள்ளங்கி. தமிழ் வீடுகளில் கைலானை யாரும் அதிகம் தொடுவதில்லை. பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம்.

படி 4: சமைக்கும்போது சத்தைக் காப்பாற்றுவது

இந்தப் படியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் சமைத்தேன்.

கைலான், புரோக்கோலி வகைகளில் நாம் தேடும் சத்தான சல்ஃபோராஃபேன் நேராக இருப்பதில்லை. அதன் மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கும். வெட்டும்போது இரண்டும் கலக்கும். அதனால் கழுவி, பொடியாக நறுக்கி, சுமார் 40 நிமிடம் அப்படியே வையுங்கள். அந்த நேரத்தில் பருப்பை வேகவைத்து விடலாம். அப்புறம் மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வைத்தாலோ, சட்டென்று வதக்கினாலோ போதும். நறுக்கின உடனே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நொதி வேலை செய்வதற்கு முன்பே அழிந்துவிடும்.

மறந்துபோய் வேகவைத்து விட்டீர்களா? வறுக்காத கடுகைப் பொடித்து, ஆறின கூட்டில் கால் தேக்கரண்டி தூவுங்கள். கடுகும் அதே குடும்பம்தான், அதே நொதி அதிலும் உண்டு. பச்சடிக்குக் கடுகு அரைத்துவிடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே. தாளிக்கிற கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடும்.

இந்த சல்ஃபோராஃபேன் உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டும். சீனாவின் சிடோங் பகுதியில் புரோக்கோலி முளை பானம் குடித்தவர்கள் காற்று மாசிலிருந்து வந்த பென்சீன் என்ற நச்சுப்பொருளைச் சிறுநீரில் 61 விழுக்காடு அதிகமாக வெளியேற்றினார்கள். பென்சீன் சிகரெட் புகையிலும் இருக்கிறது. அதே நேரம், நுரையீரல் அடைப்பு நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இதை 4 வாரம் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பலன் எதுவும் தெரியவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் அந்தக் கடைக்காரரைப் போல ஆகிவிடுவேன்.

தக்காளியில் பாதியைப் பச்சையாகச் சாப்பிடுங்கள். மீதியை எண்ணெயில் வதக்குங்கள், சூடாக்கி எண்ணெயோடு சேர்த்தால்தான் அதன் சிவப்பு நிறப்பொருளான லைக்கோபீனை உடல் நன்றாக உறிஞ்சும். வைட்டமின் சி இதற்கு நேர்மாறு, சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் விடுங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

வதக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். அதிகச் சூட்டில் எழும் எண்ணெய்ப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

படி 5: ஒரு நாளைக்கு எவ்வளவு

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது எளிது: தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு முழுத் தானியம், கால் பங்கு மீன், பருப்பு, இறைச்சி. எங்கள் வீட்டில் காலையில் தோசையோடு சமைக்காத தக்காளியும் வெங்காயமும் சேர்த்த பச்சடி. பத்து மணிக்கு அப்பாவுக்குச் சிகரெட் ஆசை வரும் நேரம். அப்போது கையில் கொய்யாத் துண்டுகள் உள்ள டப்பாவைக் கொடுத்துவிடுவேன். கைக்கும் வாய்க்கும் வேலை கிடைக்கும். மதியம் கைலான், பருப்பு, சோறு. இரவில் பாகற்காயோ முட்டைக்கோஸோ, கடைசியில் ஒரு துண்டு பப்பாளி.

வெளியே சாப்பிட்டால் உணவங்காடியில் எகானமி ரைஸ் கடையில் இரண்டு காய், ஒரு மீன் என்று கேளுங்கள். லெய் ச்சா என்ற சீனச் சோறு கிடைத்தால் இன்னும் நல்லது, கிண்ணம் முழுக்க நறுக்கிய காய்தான்.

படி 6: யார் கவனமாக இருக்க வேண்டும்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் விளிம்பிப்பழம் எனப்படும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, மற்ற பழங்களுக்கும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு இருந்தால் சாறு வேண்டாம், பழமாகவே கடியுங்கள். சமையலில் போடும் மஞ்சள் நல்லதுதான், ஆனால் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் எடுப்பவர்கள் சிகரெட்டை விட்டால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, படியேறினால் மூச்சிரைப்பு: இவற்றில் எது இருந்தாலும் உணவை நம்பிக் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். குழாயில் வேகமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். போகும்போது எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற கணக்கையும், வீட்டில் உள்ள மாத்திரைப் புட்டிகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அப்பாவின் அந்தப் புட்டியையும் நாங்கள் அப்படித்தான் கொண்டுபோனோம்.