இந்தி ரீமிக்ஸைத் திட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திப் படங்களில் பழைய பாட்டைத் தூசு தட்டி எடுத்து நடுவே ராப்பைச் செருகுவது எனக்கும் பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஆனால் அதைத் திட்டுபவர்கள் சொல்லும் காரணங்கள் பல நேரம் தப்பாக இருக்கின்றன.

பெரிய தவறு, நாம் முதலில் கேட்டதையே அசல் என்று நம்புவது. 2017-இல் 'ஓகே ஜானு'வில் வந்த ஹம்மா பாட்டைக் கேட்டுவிட்டு, 'பம்பாய்' இந்திப் பதிப்பில் ரெமோ ஃபெர்னாண்டஸ் பாடியதுதான் ஒரிஜினல் என்று இந்தி ரசிகர்கள் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். 1995-இல் வந்த 'பம்பாய்' தமிழ்ப்படம். 'அந்த அரபிக் கடலோரம்' ரஹ்மான் குரலிலேயே இருக்கிறது. ஆனால் 'தூ சீஸ் படீ ஹை மஸ்த் மஸ்த்' என்று வந்தால் நாமும் அங்கேயேதான் வழுக்குகிறோம். 2017-இல் 'மெஷின்' படத்துக்காக அதை மாற்றியதைத் திட்டிவிட்டு, 1994-இன் 'மோஹ்ரா'வை மூலமாகக் காட்டுகிறோம். இசையமைப்பாளர் விஜு ஷாவின் அந்தப் பாட்டே பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிய 'தம் மஸ்த் கலந்தர்' மெட்டிலிருந்து பிறந்தது. அதுவோ சிந்து மாகாணத்தின் செஹ்வானில் அடங்கியிருக்கும் லால் ஷாபாஸ் கலந்தரைப் போற்றி, நுஸ்ரத்துக்கு முன்பிருந்தே பாடப்பட்டு வந்த பாட்டு. சூஃபி ஞானியைப் பாடிய மெட்டு காதல் டூயட் ஆனதை மன்னித்துவிட்டோம். அந்த டூயட்டில் புது பீட் சேர்த்ததற்குத்தான் இவ்வளவு கோபம்!

'இது இப்போது வந்த வியாதி' என்பதும் சரியல்ல. 1972-இல் லதா மங்கேஷ்கர் பாடிய 'காண்டா லகா' ரீமிக்ஸாகி நாட்டையே ஆட்டியது 2002-இல். அதற்கும் முன்னால், எண்பதுகளில், வேறு குரல்களில் பழைய பாட்டுகளைப் பாடவைத்துக் கேசட் விற்றே டி-சீரிஸ் ஆடியோ கம்பெனி வளர்ந்தது. அன்றைய பதிப்புரிமைச் சட்டம் அதற்கு வழி விட்டிருந்தது.

சட்டம் என்றதும் 'திருட்டு' என்று கிளம்ப வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்தால் யாரும் ராயல்டி கட்டி மறுபடி பாடலாம். ஆனால் மெட்டிலும் வரியிலும் கைவைக்கக் கூடாது. கைவைக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இந்திப் படப்பாட்டின் உரிமை பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருப்பதால், அந்தக் கம்பெனியே ரீமிக்ஸும் போடும்போது கேட்க ஆளில்லை. 2020-இல் 'மஸக்கலி 2.0' வந்தபோது, தான் இசையமைத்த 2009-இன் அசலுக்கு 200-க்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களும் 365 நாள் யோசனையும் தேவைப்பட்டன என்று ரஹ்மான் எழுதினார். குறுக்குவழி இல்லை என்று குத்தலும் வைத்தார். அதைத் தாண்டி அவர் செய்யக்கூடியது குறைவு. இந்த ரீமிக்ஸைச் செய்த இசையமைப்பாளர் தனிஷ்க் பாக்சியை மட்டும் வைவதிலும் பயனில்லை. அவருக்கு வேலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள்.

ஒப்பிடும் முறையிலும் கோளாறு உண்டு. புதுப் பாட்டுகளை வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும்போது (மாஸ்டரிங்) சத்தத்தைத் தூக்கலாக வைக்கிறார்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத் தோன்றும். பழையதன் வால்யூமை ஏற்றி இரண்டையும் சமமாக்கிக் கேளுங்கள். பல்லவியோடு நிறுத்தாமல் சரணத்துக்கும் இடையிசைக்கும் போங்கள். பல்லவிதான் அப்படியே எடுத்தது, அங்கே வித்தியாசம் குறைவு. பல ரீமிக்ஸ்களில் சரணமே இருக்காது.