நாயோட ஆர்வி ட்ரிப்: காலைல ட்ரெயில், சாயங்காலம் ப்ரூவரி (முதல் தடவை போறவங்களுக்கு)

எங்க வீட்ல ரெண்டு நாய். மணி பீகிள் கலப்பு, மூக்கு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம்தான் கால் போகும். பொன்னி லேப்ரடார், யார் தட்டுல என்ன இருக்குன்னு பாக்கறது மட்டும்தான் அவளுக்கு உத்தியோகம். டெட்ராய்ட் பக்கத்துல இருக்கோம். முன்னெல்லாம் லாங் வீக்கெண்ட் வந்தா இதுங்கள போர்டிங்ல விட்டுட்டுப் போவோம், திரும்பி வந்தா மணி ரெண்டு நாளைக்கு மூஞ்சி குடுக்க மாட்டான். அப்புறம்தான் ஆர்வி, அதாவது படுக்கை, சமையல், பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி, வாடகைக்கு எடுத்துப் பாத்தோம், இப்போ இது நாலாவது வருஷம். உதாரணத்துக்கு மிச்சிகன் வடக்க இருக்கற டக்வாமெனான் ஃபால்ஸ் ஸ்டேட் பார்க்க எடுத்துக்கறேன், ஏன்னா அருவி, ட்ரெயில் (காட்டு நடைபாதை), கேம்ப்கிரவுண்ட் (வண்டிய நிறுத்தித் தங்கற இடம்), ப்ரூவரி (பீர் காய்ச்சி அங்கயே ஊத்திக் குடுக்கற இடம்) நாலும் இப்படி ஒட்டி ஒட்டி இருக்கற இன்னொரு இடத்த நாங்க பாத்ததில்ல.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ப்ரூவரி லிஸ்ட் போட்டு அதுக்கு நடுவுல நாய சொருகினா ட்ரிப் கெட்டுப் போகும். நாயோட டைம்டேபிள முதல்ல போடுங்க, நடை, சாப்பாடு, தூக்கம், அதுல எங்க இடைவெளி விழுதோ அங்க பீர். முதல் வருஷம் நாங்க தலைகீழா பண்ணி ஒரே நாள்ல மூணு ப்ரூவரி போட்டோம், மூணாவது இடத்துல பக்கத்து டேபிள்ல பிரெட்ஸல் வந்துச்சு, பொன்னி எங்க டேபிளையும் சேத்து இழுத்துகிட்டுப் போனா, நாலு கிளாஸும் தரைல.

ஸ்டெப் 1: வண்டி

முதல் தடவைக்கு 24, 25 அடி கிளாஸ் சி போதும். கிளாஸ் சின்னா முன்பக்கம் வேன் மூஞ்சி, ட்ரைவர் தலைக்கு மேல பரண் மாதிரி ஒரு பெட். கிளாஸ் ஏ பஸ் சைஸ், புதுசா ஓட்டறவங்களுக்கு வயித்தக் கலக்கும். கிளாஸ் பி வெறும் வேன், ரெண்டு நாய் படுத்தா நீங்க கால் வைக்க இடம் இருக்காது. நாய்க்கு சம்மதமா, க்ளீனிங் சார்ஜ் எவ்வளவு, இது ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கோங்க. ஒரு தடவை ஒரு இடத்துல ஃபோன்ல "நோ ப்ராப்ளம்"னு சொல்லிட்டு, திருப்பிக் குடுக்கறப்போ சீட்ல முடி இருக்குன்னு டெபாசிட்ல கை வெச்சுட்டாங்க. அதுலருந்து வீட்லருந்து பழைய பெட்ஷீட் நாலஞ்சு எடுத்துட்டுப் போயி சோஃபா மேல எல்லாம் விரிச்சுடறது.

வண்டியோட உயரத்த ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டுங்க. மேல ஏசியோட சேத்து 11, 12 அடி வந்துரும், பழக்கதோஷத்துல காபி வாங்க ட்ரைவ்-த்ரூவுல நுழைஞ்சா கூரைய அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதான். கேலனுக்கு 8லருந்து 10 மைல்தான் குடுக்கும், பெட்ரோல் கணக்கும் இப்பவே போட்டுக்கோங்க.

ஓடற வண்டியில நாய் சும்மா சுத்தக்கூடாது. கிரேட்டுல, அதாவது கூண்டுல, போட்டு அந்தக் கூண்டக் கட்டுங்க, இல்லன்னா ஹார்னஸ் மாட்டி சீட் பெல்ட்டோட சேத்துடுங்க. பாவமா இருக்கும்தான், ஆனா சடன் பிரேக் அடிச்சா 30 கிலோ நாய் உங்க பின்மண்டைல வந்து உக்காரும்.

ஸ்டெப் 2: இடம், ரூட், புக்கிங்

நாய் இருக்கறவங்களுக்கு நேஷனல் பார்க்க விட ஸ்டேட் பார்க்தான் தோது. பெரும்பாலான நேஷனல் பார்க்ல ட்ரெயில் பக்கமே நாய விட மாட்டாங்க, கார் பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட், அதோட சரி. டக்வாமெனானுக்கு மேற்க பிக்சர்ட் ராக்ஸ் இருக்கு, நேஷனல் லேக்‌ஷோர், அதாவது நேஷனல் பார்க் மாதிரி பாதுகாக்கற ஏரிக்கரை, பாக்க அவ்வளவு அழகு, ஆனா அங்க நாய்க்குன்னு விட்டிருக்கற இடம் ரொம்பக் கொஞ்சம். மிச்சிகன் ஸ்டேட் பார்க்ல 6 அடிக்கு மிகாத கயிறு இருந்தா பெரும்பாலான ட்ரெயில் ஓகே. குளிக்கற பீச், கட்டடங்கள், இதுக்குள்ள கூடாது. இழுக்க இழுக்க நீளுற லீஷ வீட்லயே வெச்சுடுங்க.

ஸ்டேட் பார்க் உள்ள போக ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்னு ஒண்ணு வேணும், மிச்சிகன் நம்பர் பிளேட்னா வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கறப்பவே சேத்து வாங்கிக்கலாம். கேம்ப்சைட் 6 மாசம் முன்னாடியே ஓபன் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் வீக்கெண்டுக்கு அன்னிக்குக் காலைலயே உக்காந்து பிடிக்கணும், தட்கல் டிக்கெட் போட்ட கை நமக்கு, கஷ்டமில்ல. கரண்ட் கம்பம் இருக்கற எலெக்ட்ரிக் சைட்டான்னு பாத்து எடுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

டெட்ராய்ட்லருந்து 350 மைல் கிட்ட வரும். ஒரே நாள்ல போகாதீங்க. ஐ-75 ஹைவே பிடிச்சு வடக்க ஏறி, கிரேலிங் பக்கத்துல ஹார்ட்விக் பைன்ஸ் ஸ்டேட் பார்க்ல ஒரு ராத்திரி தங்குங்க, மரம் வெட்டறவங்க கோடாலிக்குத் தப்பிச்ச பழைய பைன் காடு 49 ஏக்கர் அங்க நிக்குது, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். மறுநாள் மேக்கினா பாலம், 5 மைல் நீளம், 1957ல திறந்தது. காத்து பலமா அடிச்சா ஆர்வி மாதிரி உயரமான வண்டிய எஸ்கார்ட் வெச்சு மெதுவாதான் கூட்டிட்டுப் போவாங்க, ரொம்ப மோசம்னா பாலத்தையே மூடிடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி காத்து நிலவரம் பாருங்க. பாலம் தாண்டி எம்-123 ரோடு, அதுல பேரடைஸ்னு ஒரு ஊரு வரும். பேருதான் சொர்க்கம், ஜூன்ல போனீங்கன்னா கொசுவும் பிளாக் ஃப்ளைன்னு கடிக்கற குட்டி ஈயும் சேந்து நரகத்தக் காட்டும். ஆகஸ்ட் கடைசி இல்லன்னா செப்டம்பர் பெஸ்ட்.

இவ்வளவு தூரம் முடியாதுன்னா மேற்குப் பக்கம் ஹாஃப்மாஸ்டர் ஸ்டேட் பார்க்ல மணல்மேடும் ஏரியும் இருக்கு, கிராண்ட் ரேபிட்ஸ் ப்ரூவரிங்க அங்கருந்து கிட்டதான்.

ஸ்டெப் 3: நாய் மூட்டை

ரேபிஸ் சர்டிஃபிகேட் ஒரு காப்பி, காலர்ல ஃபோன் நம்பர், ஹார்ட்வார்ம் (இதயப் புழு) மாத்திரை, உண்ணிக்கு மருந்து, உண்ணி பிடுங்க ஒரு ட்வீசர். பழக்கமான சாப்பாட்டையே கொண்டு போங்க, ட்ரிப்ல புது பிராண்ட் குடுத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கதான் டார்ச் அடிச்சுகிட்டு வெளிய நிப்பீங்க. எங்க வீட்ல தயிர் சாதம் பழக்கம், அது பாட்டுக்கு ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா. வெறகு மட்டும் வீட்லருந்து எடுத்துட்டுப் போகாதீங்க, ஆஷ் மரத்தையெல்லாம் கொல்ற எமரால்ட் ஆஷ் போரர்னு ஒரு வண்டு, அமெரிக்காவுல அத 2002ல டெட்ராய்ட் பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, அது ஊர் ஊரா பரவினதே நிறைய இந்த வெறகுல ஏறித்தான். போற இடத்துலயே வாங்குங்க.

ஸ்டெப் 4: சைட்ல போய் நின்னதும்

மிச்சிகன் ஸ்டேட் பார்க்ல செக்-இன் மதியம் 3 மணி. வண்டிய நிறுத்தி, சாஞ்சிருந்தா டயருக்கு அடில கட்டை போட்டு லெவல் பண்ணி, கரண்ட் கம்பத்துல பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு பிளக் சொருகி, அப்புறம் ஆன். அதுக்கப்புறம்தான் நாய இறக்கணும். எல்லாரும் வந்தவுடனே கதவத் திறந்து நாய விட்டுடுவாங்க, அது லீஷோட வண்டியச் சுத்தி சுத்தி வந்து உங்க காலையும் பிளக்கையும் சேத்துக் கட்டும்.

எலெக்ட்ரிக் சைட் எடுக்கச் சொன்னது ஏசிக்காகத்தான், ஆனா இத கவனமா கேளுங்க. வெளிய 70 டிகிரி ஃபாரன்ஹீட்தானே, ஜில்லுனுதானே இருக்குன்னு தோணும், ஆனா வெயில்ல நிக்கற மூடின வண்டிக்குள்ள அரை மணி நேரத்துல 100ஐத் தாண்டிடும். ஏசி போட்டுட்டு நாய விட்டுட்டுப் போனா, கம்பத்துல பிரேக்கர் ட்ரிப் ஆச்சுன்னா முடிஞ்சுது. உள்ள சூடு ஏறினா ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பற மானிட்டர் விக்கறாங்க, நானும் ஒண்ணு வாங்கினேன், ஆனா அது வேலை செய்ய சிக்னல் வேணுமே, இந்தக் காட்டுல பாதி இடத்துல சிக்னலே கிடையாது. போதாததுக்கு கேம்ப்சைட்ல நாயத் தனியா விடக்கூடாதுன்னு பல பார்க்ல ரூல். ஆகையினால நாய் நம்ம கூடவே வரும்னே பிளான் போடுங்க, ஏசி அது மத்தியானம் தூங்கறதுக்கு.

ஸ்டெப் 5: காலைல நடை

7 மணிக்குக் கிளம்பிடுங்க. லோயர் ஃபால்ஸ்லருந்து அப்பர் ஃபால்ஸ் வரைக்கும் ஆத்தோரமா ரிவர் ட்ரெயில், ஒரு பக்கத்துக்கே 4, 5 மைல். மேப்ல சமதரை மாதிரி தெரியும், நம்பாதீங்க. வேர், சேறு, பலகை, படி, மறுபடி வேர். முதல் தடவை போற நாய்னா ஒரு மைல் போயிட்டு அதே வழி திரும்பிடுங்க, அதுவே தாராளம். அப்பர் ஃபால்ஸ் கிட்டத்தட்ட 50 அடி உயரம், 200 அடிக்கு மேல அகலம், தண்ணி அப்படியே டிக்காஷன் கலர்ல விழும். அழுக்கு இல்ல, மேல சதுப்பு நிலத்துல செடார் மரத்துலருந்து டானின் இறங்கி அந்த நிறம், டீத்தூள்ல இருக்கற அதே சமாச்சாரம். ரூட் பீர்னு பழுப்பா ஒரு சோடா இருக்கு, அது பேர்ல இந்த ஊர்க்காரங்க ரூட் பீர் ஃபால்ஸ்னு கூப்பிடறாங்க, எங்கம்மா வந்தப்போ "யாரு இவ்ளோ பெரிய ஃபில்டர்ல இறக்கினது?"ன்னு கேட்டாங்க.

நாய்க்குத் தனியா தண்ணி தூக்கிட்டுப் போங்க, குட்டைத் தண்ணிய குடிக்க விடாதீங்க. திரும்பி வந்ததும் ரெண்டு பேரு சேந்து நாய மல்லாக்கப் போட்டு காதுக்குள்ள, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாக்கணும், உண்ணி முதல்ல கைக்குத்தான் தெரியும், கண்ணுக்கு இல்ல. ஜூன்ல வயித்துல வட்ட வட்டமா, நடுவுல புள்ளியோட சிவப்பா இருந்தா பயந்துடாதீங்க. முதல் தடவை அதப் பாத்துட்டு என் மனைவி "ஏங்க, மணிக்கு என்னமோ வந்துருச்சுங்க"ன்னு அழாத குறை. அது பிளாக் ஃப்ளை கடி, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும். சந்தேகமா இருந்தா ஃபோட்டோ எடுத்து நாய் டாக்டருக்கு அனுப்புங்க.

ஸ்டெப் 6: சாயங்காலம் ப்ரூவரி

நடந்து, சாப்பிட்டு, ரெண்டு மூணு மணி நேரம் தூங்கி எழுந்த நாய்தான் ப்ரூவரிக்கு லாயக்கு. அப்பர் ஃபால்ஸ் பார்க்கிங் பக்கத்துலயே கேம்ப் 33னு பழைய மரவெட்டிங்க கேம்ப் மாதிரி கட்டின இடத்துல டக்வாமெனான் ஃபால்ஸ் ப்ரூவரி இருக்கு. சீசன் இல்லாத மாசத்துல மூடியிருக்கும், பாத்துட்டுப் போங்க. பொதுவா சமையல் நடக்கற இடத்துக்குள்ள நாய விட மாட்டாங்க, வெளிய திறந்தவெளில டேபிள் போட்டிருக்கற இடத்துல விடறதும் அந்தந்த ஓனர் இஷ்டம், முந்தின நாளே ஒரு கால் அடிச்சுக் கேட்டுடுங்க. வேணாம்னுட்டாங்கன்னா நாங்க ஷிஃப்ட் போட்டுக்கறது, ஒருத்தர் உள்ள, ஒருத்தர் நாய்களோட மர நிழல்ல.

ஓட்டறவர் குடிக்கக்கூடாது, இதுல பேச்சே இல்ல, ரெண்டு பேரும் குடிக்கணும்னா அன்னிக்கு சாவி வெளிய வரக்கூடாது. அதுக்குத்தான் ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்னு ஒரு மெம்பர்ஷிப் இருக்கு, ப்ரூவரி, பண்ணை மாதிரி இடங்கள்ல ஒரு ராத்திரி வண்டிய நிறுத்திக்கலாம், பதிலுக்கு அவங்ககிட்ட ஏதாவது வாங்கறது மரியாதை. கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் பொதுவா கிடையாது, அதனால வெக்கையான ராத்திரிக்கு வேண்டாம்.

என்ன வாங்கறதுன்னு தெரியலன்னா ஃப்ளைட் கேளுங்க, சின்ன கிளாஸ்ல நாலு வகை வரும். இம்பீரியல் ஸ்டவுட்னு கருப்பா வர்ற பீர்ல ஆல்கஹால் பல சமயம் 10 சதவீதத்தத் தாண்டும், அத கடைசில வெச்சுக்கோங்க.

லீஷ டேபிள்ல கட்டாதீங்க, மேல சொன்ன கதைதான். உக்காந்து, லீஷத் தரைல போட்டு அது மேல கால வெச்சு மிதிச்சுக்கறதுதான் என் டெக்னிக். ஓரமான டேபிள், முதுகுக்குப் பின்னாடி சுவர், கீழ ஒரு பாய். மணி பாயப் பாத்ததும் மூணு சுத்து சுத்தி பொத்துனு விழுவான், அப்புறம் ஒரு மணி நேரம் நம்ம கையில.

முக்கியமானது ஹாப்ஸ். பீருக்குக் கசப்பு குடுக்கற அந்தப் பூ நாய்க்கு விஷம், உடம்பு சூடு கண்டபடி ஏறி உயிரே போகலாம். நிறைய ப்ரூவரில காய்ச்சின பார்லி சக்கைல பிஸ்கட் சுட்டு நாய்க்குன்னு விக்கறாங்க, நம்மூர் புண்ணாக்கு மாதிரிதான், நல்ல ஐடியா, ஆனா "இதுல ஹாப்ஸ் இல்லயே?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு வாங்குங்க. பீரும் ஒரு சொட்டு கூட வேண்டாம், ஃபோட்டோவுக்குக் கூட.

ஸ்டெப் 7: கிளம்பறப்போ

செக்-அவுட் மதியம் 1 மணி. கழிவுத் தண்ணிய இறக்கற டம்ப் ஸ்டேஷன்ல முதல்ல பிளாக் டேங்க், அதாவது டாய்லெட், அப்புறம் கிரே டேங்க், அதாவது பாத்திரம் கழுவின, குளிச்ச தண்ணி. அந்த சோப்புத் தண்ணிதான் ஹோஸயும் கழுவிவிடும். நான் முதல் தடவை மாத்திப் பண்ணிட்டு ஹோஸக் கழட்டினேன், அதுக்கு மேல எழுதல, சாப்பிட்டுகிட்டே படிக்கறவங்களும் இருப்பீங்க. கையுறை போடுங்க. நாய்ங்க அப்போ வண்டிக்குள்ள.

ஸ்லைட் அவுட், அதாவது நிறுத்தினப்புறம் வெளிய தள்ளி உள்ள இடத்தப் பெருசாக்கற பகுதி, உள்ள வண்டின்னா, அத உள்ள இழுக்கற பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி நாய எண்ணுங்க. அந்த இடுக்குக்குள்ள போய் படுக்கறது மணிக்குப் பிடிச்ச வேலை. ஒருத்தர் வெளிய லீஷப் பிடிச்சுகிட்டு "ரெண்டு"ன்னு சத்தமா சொல்லணும், உள்ள இருக்கறவர் அதக் கேட்டப்புறம்தான் அமுக்கணும்.