அவசர சிகிச்சை மருத்துவரின் பதிவையும் மருத்துவமனையின் காப்பீட்டையும் முன்கூட்டியே சரிபார்க்கும் முறை

பாம்பு கடித்தவரையோ நெஞ்சுவலியில் துடிப்பவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் மருத்துவரின் பட்டத்தை ஆராயக் கூடாது. அந்த நேரத்தில் 108-ஐ அழைத்துப் புறப்படுவது ஒன்றே வேலை. கீழே சொல்லப்படும் விசாரணையெல்லாம், நடவு முடிந்து களையெடுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் ஓய்வான ஒரு பிற்பகலில், வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில் என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகையைப் பல முறை பார்த்திருந்ததால் நேரே அங்கே கொண்டுபோனோம். கேஷுவால்டியில் இருந்த இளம் மருத்துவர் சில நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாரடைப்பு என்று சொல்லி, மாத்திரைகளை மென்று விழுங்கக் கொடுத்துவிட்டார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது, “எலும்புக்கும் கண்ணுக்கும்தான் இங்கே காப்பீடு, இருதயத்துக்குக் கிடையாது” என்று கவுண்டரில் சொன்னார்கள். அந்த நள்ளிரவிலேயே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். எனினும் வழியில் போன அந்த நேரத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். மருத்துவரின் தகுதி அவர் பெயரோடு போவது. காப்பீடோ மருத்துவமனையோடும், அதற்குள்ளேயே குறிப்பிட்ட சிகிச்சைப் பிரிவோடும் கட்டப்பட்டது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

மருத்துவரின் பதிவிலிருந்து தொடங்கலாம். அந்த மருத்துவமனையில் முன்பு வாங்கிய மருந்துச் சீட்டு ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, மருத்துவர் தமது பதிவு எண்ணை மருத்துவமனையிலும், தாம் தரும் மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது ஆகியவற்றிலும் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணையும் பெயரையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடினால், எந்த ஆண்டில் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தார், என்ன படித்தார் என்ற விவரங்கள் வரும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. மேற்படிப்பு முடித்தவர்களின் விவரம் பதிவேட்டில் ஏறத் தாமதமாவதும் உண்டு. ஆகையால் அங்கே எம்.பி.பி.எஸ். மட்டும் தெரிகிறது என்பதற்காக ஒருவரைச் சந்தேகப்பட்டுவிட வேண்டாம், நேரில் மரியாதையாகக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அவசர மருத்துவம் நம் நாட்டில் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009-இல்தான். அதில் எம்.டி. அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்புப் பட்டம் பெற்றவரே அத்துறையின் சிறப்பு மருத்துவர். தனியார் மருத்துவமனைகள் தாங்களாகவே நடத்தும் பயிற்சிகளுக்குத் தரும் சான்றிதழ், பயிற்சி என்ற அளவில் மதிக்கத்தக்கதே. ஆனாலும் அது பட்டமாகாது. டெல்டாவின் சிறு நகரங்களில் இரவுப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மருத்துவராகவே இருப்பார். அதில் தவறில்லை என்பது என் கருத்து. நாம் கேட்க வேண்டியது, இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் வளாகத்திலேயே இருப்பாரா, தொண்டை வழியே சுவாசக் குழாய் பொருத்தத் தெரிந்தவர் உண்டா, கண்ணாடி விரியன் கடிக்கு விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ளதா என்பவற்றைத்தான். வயலில் இறங்கும் குடும்பங்களுக்குக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது.

அடுத்தது காப்பீடு. 2012 ஜனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் சென்றால் அட்டை பெறலாம். அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனையில் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரைப் பார்த்து, “உங்களிடம் காப்பீடு உண்டா?” என்று பொதுவாகக் கேட்காமல், மாரடைப்பு, பக்கவாதம், தலைக்காயம், எலும்பு முறிவு என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எதற்கெல்லாம் உண்டு என்று கேளுங்கள். அவர் சொல்வதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் ஒரு முறை உறுதிசெய்துகொள்வது நல்லது. திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கே பணம் கேட்டால், ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, அதே எண்ணிலும் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவிலும் முறையிடலாம்.

சாலை விபத்துக்கு வழி வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதற்குக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை, வருமான வரம்பும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழும் வேதாரண்யம், நாகப்பட்டினம் பகுதியினர் தங்களுக்கு அருகில் எந்தெந்த மருத்துவமனைகள் அப்பட்டியலில் உள்ளன என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லை, போலீஸ் வரவில்லை என்று எந்த மருத்துவமனையும் முதலுதவியை மறுக்க முடியாது. காயமுற்றவரைக் காப்பாற்றுவதே மருத்துவரின் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

விசாரித்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். எங்கள் சித்தியின் வீட்டில் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில், பாம்புக்கடி, மாரடைப்பு, விபத்து என்று மூன்று வரிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே போக வேண்டிய மருத்துவமனையும், அடியில் 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகிய எண்களும், காப்பீட்டு அட்டையின் எண்ணும் பெரிய எழுத்தில் உள்ளன. மருத்துவமனைகளின் பட்டியல் மாறக்கூடியது என்பதால், ஒவ்வொரு தை மாதமும் அறுவடை முடிந்த கையோடு சித்தி அதே கேள்விகளை மறுபடி கேட்டு, புதுத் தாளில் எழுதி ஒட்டிவிடுகிறார்.