ஈறு நோய்க்கு இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது எப்படி?

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், வாயில் ஒரு நாற்றம், அவ்வளவுதான். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு ஆண்டுக்கணக்கில் கரைந்திருக்கும். வலியே இல்லாத வாயைப் பார்த்துவிட்டு மருத்துவர் "வேர் வரைக்கும் சுத்தம் செய்யணும்", "ஃபிளாப் சர்ஜரி பண்ணணும்" (ஈறை விலக்கித் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் அறுவை), "இந்த ரெண்டு பல்லையும் எடுத்துடலாம்" என்றால் சந்தேகம் வருவது இயல்பு. இன்னொருவரிடம் கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் அவரிடம் போய் "எனக்கு இது தேவையா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால், கையில் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கும், எது சரி என்பது தெரியாது. இரண்டையும் ஒப்பிட உதவுவது ஒவ்வொரு பல்லிலும் எடுத்த அளவுகள்தான்.

காத்திருக்க நேரம் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது. சாதாரண வேகத்தில் போகும் ஈறு நோயில் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் ஈறில் சீழ் கட்டி வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், முகமோ கழுத்தோ வீங்கினால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டால் முதலில் அவசர சிகிச்சை, கருத்தெல்லாம் பிறகு. மூச்சுவிடவே சிரமம் என்றால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் வாயில் இருந்தால் அதை ஈறு நோய்க் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

என்ன ஆவணங்கள் வாங்க வேண்டும்

முதல் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, ஈறு அளவு அட்டவணை. இரண்டு, எக்ஸ்ரே. மூன்று, எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை என்று பல் எண்ணோடு எழுதிய திட்டம்.

எக்ஸ்ரேயைக் கணினிக் கோப்பாகவே வாங்குங்கள். திரையை அலைபேசியில் படம் பிடித்து எடுத்துப் போனால் எலும்பின் விளிம்பு தெளிவாகத் தெரியாது. முழு வாயையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. ஒரு பொதுப் பார்வைக்கு நல்லது. ஒரு பல்லைச் சுற்றி எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படங்களே நம்பகமானவை. சில ஆண்டுகளுக்கு முந்தைய படங்கள் எங்காவது கிடந்தால் அவற்றையும் தேடி எடுங்கள். நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு, ஒரே பல்லின் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் இருப்பதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பல் எண்களில் ஒரு சிக்கல் உண்டு. உலகின் பெரும்பகுதியில் இரண்டு இலக்க முறை (11 முதல் 48 வரை) புழங்குகிறது. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை எண்ணுகிறார்கள். முதல் முறையில் 16 என்பது மேல் தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல். இரண்டாவது முறையில் அதே 16 மேல் தாடையில் இடப்பக்க ஞானப்பல். ஆகவே எண்ணோடு "மேல் வலது" என்று இடத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"அட்டவணை எதுவும் போடவில்லை" என்று பதில் வந்தால் அதுவே ஒரு தகவல். ஒவ்வொரு பல்லையும் அளக்காமல் வாய் முழுக்க ஆழ்சுத்தம் என்றோ அறுவை சிகிச்சை என்றோ சொல்ல அடிப்படை இல்லை. இரண்டாவது கருத்து தேடுவதற்கு இதைவிட வலுவான காரணம் அபூர்வம்.

அட்டவணையைப் படிப்பது

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள். ரத்தம் கசியாமல் 3 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை. 4, 5 என்றால் கவனிக்க வேண்டிய பை (பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஆழமாகிப்போன இடைவெளி). 6-ம் அதற்கு மேலும் என்றால் ஆழமான பை.

பையின் ஆழம் மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது, பலரும் குழம்புவது இங்கேதான். ஈறு வீங்கி மேலேறியிருந்தால் எலும்பு நன்றாக இருக்கும்போதே 5 மி.மீ. காட்டும். ஈறு கீழிறங்கியிருந்தால் 3 மி.மீ. பைக்குப் பின்னால் பெரிய இழப்பு ஒளிந்திருக்கலாம். பை 5 மி.மீ., ஈறு 2 மி.மீ. இறங்கியிருக்கிறது என்றால் மொத்தப் பிடிப்பு இழப்பு (பல்லை ஈறும் எலும்பும் பிடித்திருப்பதில் போன அளவு) 7 மி.மீ. அதே 5 மி.மீ. பையில் ஈறு 3 மி.மீ. ஏறியிருக்கிறது என்றால் இழப்பு 2 மி.மீ.தான். ஆகவே ஈறு இறங்கிய அளவும் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் கசிந்த புள்ளிகள், பல்லின் ஆட்டம், கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடம் வரை நோய் போயிருக்கிறதா என்பவையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில், எனாமல் முடியும் கோட்டிலிருந்து வேர்ப்பக்கமாக 1 முதல் 2 மி.மீ. தள்ளி எலும்பு தொடங்குவது இயல்பு. எலும்பும் பிடிப்பும் இழக்கப்படவில்லை என்றால் அது ஈறு அழற்சிதான். நல்ல ஸ்கேலிங்கும் (பல்லில் படிந்த காரையை எடுப்பது) வீட்டுப் பராமரிப்பும் போதும். பைகள் எல்லாம் 3 மி.மீ.க்குள், எலும்பும் சரியாக இருக்கும்போது வேர் வரை ஆழ்சுத்தம் சொல்லப்பட்டிருந்தால், எதற்காக என்று கேளுங்கள்.

எலும்பு இழந்திருந்தால் நோயின் கட்டம் 1 முதல் 4 வரை, வேகம் ஏ, பி, சி என்று வகைப்படுத்துவார்கள். 2018-ல் வெளியான சர்வதேச வகைப்பாடு இது. வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: மிக மோசமான பல்லில் எலும்பு எத்தனை சதவீதம் போயிருக்கிறதோ அதை வயதால் வகுப்பது. 60 வயதில் 30 சதவீதம் என்றால் 0.5, நடுத்தர வேகம் (பி). 30 வயதில் 40 சதவீதம் என்றால் 1-ஐத் தாண்டுகிறது, அது வேகமான வகை (சி). நாளொன்றுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்களும், மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களும் சி பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

யாரிடம் போவது

ஈறு நோய்க்கென்று முதுகலை படித்த பீரியோடான்டிஸ்டிடம். முதல் மருத்துவர் பரிந்துரைக்கும் நபர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு நீங்களே வேறு இடத்தில் தேடுவது மேல். நேரம் வாங்கும்போதே "பரிசோதனையும் கருத்தும் மட்டும் போதும், சிகிச்சை இன்று வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் ஸ்கேலிங் செய்துகொண்டு உடனே போகாதீர்கள். சுத்தம் செய்ததும் ஈறு ஆறிச் சுருங்கத் தொடங்கும், அளவுகள் மாறும். அப்போது எடுக்கும் அளவு பழைய நிலையையும் காட்டாது, புதிய நிலையையும் காட்டாது.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை ஈறைத் தடிக்க வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளையும், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி மாத்திரைகளையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னவை உள்ளவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். புகைப்பழக்கத்தை மறைக்காதீர்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும் என்பதால் மருத்துவர் ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது. கர்ப்பம் என்றால் அதையும் சொல்லுங்கள், அந்த மாதங்களில் ஈறு வழக்கத்தைவிட அதிகம் வீங்கும்.

பரிசோதனை நாளில்

எக்ஸ்ரேயை முதலிலேயே கொடுங்கள், வீணாக இன்னொரு முறை கதிர்வீச்சு வேண்டாம். அட்டவணையையும் சிகிச்சைத் திட்டத்தையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவர் தன் கையால் அளந்து முடித்த பிறகு எடுத்துக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால், அவரை அறியாமலே பழைய எண்களை நோக்கிக் கை போகும். இது தந்திரம் ஆகிவிடாது. "நீங்கள் அளந்த பிறகு காட்டுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொன்னால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு கேட்க வேண்டியவை:

- எந்தெந்தப் பல்லில் எலும்பு இழப்பு? எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா?
- அறுவை இல்லாத சிகிச்சையோடு தொடங்கினால் எந்தப் பைகள் குறையும், எவை குறையாது?
- மறுபடி எப்போது அளப்பீர்கள்? எந்த அளவு வந்தால் போதும் என்பீர்கள்?
- எதுவுமே செய்யாவிட்டால் எந்தப் பல் முதலில் ஆபத்தில்?

இரண்டு அட்டவணைகளுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பொருட்படுத்தாதீர்கள். கம்பியை அழுத்தும் விசையும் சாய்வும் மாறினாலே அவ்வளவு மாறும். ஒருவருக்கு 3, மற்றவருக்கு 7 என்றால் மட்டும் அந்தப் பல்லை உங்கள் முன்னால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

கருத்து வேறுபாடு எங்கே வரும்

பெரும்பாலும் வரிசையில்தான். ஐரோப்பிய ஈறு நோய் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட நெறிமுறை படிப்படியாகப் போகச் சொல்கிறது. முதலில் துலக்கும் முறை, பல் இடுக்குச் சுத்தம், புகை, சர்க்கரை ஆகியவற்றைச் சரிசெய்வது. அடுத்து ஈறுக்கு அடியில் வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது. பிறகு சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆறவிட்டு மீண்டும் அளப்பது. அப்போதும் 6 மி.மீ.க்குக் குறையாத பைகள் நின்றால் அங்கே அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். 4, 5 மி.மீ. மட்டும் மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் மறுசுத்தம் போதும். ஆகவே, முதல் சந்திப்பிலேயே, மறு அளவீடு இல்லாமல், வாய் முழுவதும் ஃபிளாப் சர்ஜரி என்ற திட்டம் வந்தால் தயங்குவது நியாயம். மாறாக, ஆழ்சுத்தமும் முடிந்து, மறு அளவிலும் கடைவாய்ப் பற்களில் 7 மி.மீ. பை ரத்தத்தோடு நிற்கிறது என்றால் அறுவை சிகிச்சை மிகை இல்லை. "வெறும் ஸ்கேலிங் போதும்" என்று இரண்டாமவர் சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கும். அதை நம்புவதற்கு முன் அந்த 7 மி.மீ.க்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். இரண்டாவது கருத்தும் தவறாக இருக்கலாம்.

லேசர் சிகிச்சையைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினால், சாதாரணக் கருவிச் சுத்தத்தைவிட அது உங்கள் வாயில் கூடுதலாக என்ன தரும் என்று கேளுங்கள். அதே நெறிமுறை லேசரைக் கூடுதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையும் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியது அல்ல. வேரில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைச் சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் பயன் நிற்காது.

பல்லை எடுக்கச் சொல்லியிருந்தால்

இங்கே அவசரம் கூடாது, எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஆட்டம் மட்டுமே காரணமா என்று பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும் பல், வீக்கம் வற்றி, கடிக்கும்போது விழும் அதிக அழுத்தமும் சரிசெய்யப்பட்டால் இறுகலாம். மேலும் கீழுமாகவும் அமுங்கி ஆடினால் நிலைமை வேறு. வேர்கள் பிரியும் இடத்தில் நோய் இருப்பது மட்டுமே பல்லை எடுக்கக் காரணம் ஆகாது.

சுற்றிலும் எல்லாம் 3 மி.மீ., ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8, 9 என்று இருந்தால், அது ஈறு நோயாகவே இல்லாமல் வேரில் விரிசலாகவோ பல்லின் நரம்புத் தொற்றாகவோ இருக்கலாம். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். தொற்று என்றால் வேர் சிகிச்சையிலேயே அந்தப் பை மூடக்கூடும். நீளவாக்கில் வேர் பிளந்திருந்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்தால் தொல்லை ஒழிந்தது என்று எண்ண வேண்டாம். ஈறு நோய் வந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் எலும்பு கரையும் வாய்ப்பு அதிகம். மற்ற பற்களின் நோய் அடங்கும் முன்பே இம்ப்ளான்ட் தேதி குறிக்கப்பட்டால், அந்தத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இரண்டும் ஒத்துவராவிட்டால்

பல் வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: பல், இருவரின் அளவு, இருவரின் சிகிச்சை. பெரும்பாலான பற்களில் இருவரும் ஒன்றையே சொல்லியிருப்பது தெரியும். தகராறு இரண்டு மூன்று பற்களில்தான் இருக்கும். ஒத்துப்போன சிகிச்சையை, அதாவது அநேகமாக ஈறுக்கு அடியிலான சுத்தத்தை, நம்பிக்கை வந்த இடத்தில் உடனே தொடங்குங்கள். தகராறான பற்களை மறு அளவீட்டுக்கு விட்டுவைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கருத்து தேவைப்பட்டால் அந்தப் பற்களுக்கு மட்டும் போதும். சிகிச்சைக்குப் பின் ஈறு சுருங்கிப் பற்களுக்கு இடையே சந்து தெரியும், சில வாரம் பல் கூசும். வீக்கம் வற்றுவதால் வருவது அது. இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் "சுத்தம் செய்து பல்லையே கெடுத்துவிட்டார்கள்" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.