வேலை விசாவில் வியாபாரம்: எங்களவர்கள் விடும் பிழைகள்

“இரண்டு வருசம் வேலை செய்வம், பிறகு சொந்தமா ஒரு கடை போடுவம்.” லண்டனுக்கு வெளிக்கிடும் பிள்ளைகளில் இந்தக் கணக்குப் போடாதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆசையில் பிழையில்லை. ஒரு முதலாளி பொறுப்பேற்று வேலைக்கு எடுக்கும் ஸ்பொன்சர் விசாவில் இருக்கும்போதே கடையைத் தொடங்கிவிடுகிறார்களே, சிக்கல் அங்கேதான்.

பெரிய பிழை, கொம்பனி பதிந்துவிட்டால் வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைப்பது. பிரித்தானியாவின் கொம்பனிப் பதிவகமான கொம்பனீஸ் ஹவுஸில் ஒன்லைனிலேயே பதியலாம். வெளிநாட்டில் இருப்பவர்கூட இயக்குநராகலாம். விசாவை அவர்கள் பார்ப்பதில்லை. 2025 நவம்பர் 18 முதல் புதிய இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அதுவும் நீங்கள் யார் என்பதைத்தான் பார்க்கும். உங்களுக்கு வேலை செய்ய உரிமை உண்டா என்பதை அல்ல. வரித் திணைக்களமும் அப்படித்தான்: வரி நம்பர் தரும், வரி வாங்கும். வருடத்துக்கு 1,000 பவுண் வரையான சிறு வியாபார வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, “ஆயிரத்துக்குள்ள எண்டால் பிரச்சினை இல்லையாம்” என்பார்கள். அது வரிச் சலுகை. விசா விதியில் அப்படியொரு ஆயிரம் கிடையாது.

ஸ்பொன்சர் விசாக்களில் ஒன்றான ஸ்கில்ட் வேர்க்கர் விசா தரப்படுவது ஸ்பொன்சர் கொடுத்த வேலையைச் செய்ய. ஒரு கொம்பனியில் பங்கு வைத்திருக்கலாம், இலாபப்பங்கும் வாங்கலாம். ஆனால் சாமான் எடுப்பிப்பது, பொதி கட்டுவது, வாடிக்கையாளருக்கு மறுமொழி அனுப்புவது எல்லாம் வேலை. கிழமைக்கு 20 மணித்தியாலம் மேலதிக வேலை செய்யலாமே என்று கேட்பார்கள். அது விதியில் சொல்லப்பட்ட தொழில்களில் ஒன்றுக்கு, ஸ்பொன்சர் வேலை தொடரும் வரைக்கும்தான். எந்தச் சொந்தக் கடைக்கும் அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

கோண்டாவிலில் அம்மா வறுத்து இடித்த கறித்தூளை, லண்டன் ஈஸ்ட்ஹாமில் மகன் வாட்ஸ்அப் குழுவில் விற்பதை எடுங்கள். கைக்காசு வியாபாரம், தடயம் இருக்காது என்பது அவருடைய நினைப்பு. இப்போது யார் கைக்காசு தருகிறார்கள்? வங்கிக் கணக்கில் ‘தூள் 2 கிலோ’, ‘தூள், மோர்மிளகாய்’ என்று வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். (எங்கள் அன்ரிமாருக்குக் குறிப்பு எழுதாமல் காசு போட வராது.) உள்துறை அமைச்சும் வரித் திணைக்களமும் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. முன்னர் ஸ்பொன்சர் தேவைப்படாத டியர் 1 விசாவில் இருந்த பலருக்கு, இரண்டு இடத்திலும் காட்டிய வருமானம் ஒத்துப்போகவில்லை என்று நிரந்தர வதிவிடத்தை மறுத்தார்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் மறுத்தது முறையல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சொன்னது. அதற்குள் அலைந்தவர்கள் அலைந்ததுதான்.

வேறொருவரின் அக்கவுண்டில் சாப்பாடு டெலிவரி ஓடுவது இன்னும் மோசம். அது சுயதொழில்; பெயரும் உங்களுடையதல்ல.

மனைவியின் பெயரில் தொடங்கலாமா? அவர் உங்கள் டிபென்டன்ட் விசாவில் இருந்தால் தாராளமாக; அந்த விசாவில் சுயதொழில் செய்யலாம். பெயர் அவருடையதாகவும் வேலை முழுக்க உங்களுடையதாகவும் இருந்தால்தான் பிழை. வீட்டில் சமைத்து விற்பதென்றால், தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை.

“பிஸ்னஸ் விசா எடுத்துத் தாறம்” என்று இங்கேயே விளம்பரம் போடுபவர்களிடமும் கவனம். தொழில் தொடங்குவோருக்கான இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசா 2023 ஏப்ரலில் வந்தபோது, அதற்கு முன்பிருந்த இன்னோவேட்டர் விசாவுக்குக் கேட்ட 50,000 பவுண் முதலீட்டு நிபந்தனை போய்விட்டது உண்மைதான். ஆனால் திட்டம் புதுமையானது, பெரிதாக வளரக்கூடியது என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று உறுதிப்படுத்த வேண்டும். இன்னொரு தோசைக்கடைக்கு அது கிடைக்காது. அங்கே படித்து முடித்தவருக்குக் கிரஜுவேட் விசா நல்ல வழி. அதில் சுயதொழிலுக்கு இடமுண்டு. மாணவர் விசாவில் பொதுவாக இல்லை.

கனடாவில் பிழை வேறு விதம். ஒரே முதலாளியோடு கட்டிய வேர்க் பெர்மிட்டில் சொந்தத் தொழில் செய்ய முடியாது என்பது பலருக்கும் தெரியும். ஒரு முதலாளியோடு கட்டாத ஓபன் பெர்மிட் உள்ளவர் செய்யலாம், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கனடாவில் வேலை செய்த அனுபவத்தை வைத்து, கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்ற பிரிவில் நிரந்தர வதிவிடம் கேட்கும்போது, சுயதொழில் அனுபவத்தைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர், பெர்மிட் முடியும் தறுவாயில்தான் இதை அறிந்துகொள்வார்.

ஸ்பொன்சர் வேலை போனால் பிரித்தானியாவில் வழக்கமாக 60 நாட்கள்தான் தருவார்கள். அந்த நேரத்தில் மாமா சொன்னதையும் டிக்டொக்கில் பார்த்ததையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் சொல்ல ஒருவர் சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். பதியாமல் சொல்வது குற்றம். பதிந்தவர்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. காசு கட்டுமுன் பெயரைத் தேடிப் பாருங்கள்.