குரூப் 4: மூன்று முறை தோற்றவன் சொல்லும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை நூலகப் படிப்பறையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். மேசை மேல் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான சமச்சீர் புத்தகங்கள், பைண்டிங் போட்டு அடுக்கியிருந்தன. கையில் மூன்று நிற ஹைலைட்டர். திறந்திருந்த பக்கத்தில் கோடு போடாத வரி ஒன்றுகூட இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்காக எட்டு மாதமாக வருகிறானாம். கதவு திறக்கும்போது வந்தால் பூட்டும்போதுதான் கிளம்புவானாம்.

"பழைய கேள்வித்தாள் எத்தனை எழுதிப் பார்த்திருக்க?" என்று கேட்டேன்.

"இன்னும் போர்ஷன் முடியலண்ணா. முடிச்சிட்டு மொத்தமா டெஸ்ட் எழுதலாம்னு இருக்கேன்."

2018இல் நான் சொன்ன அதே வாக்கியம். 2019இலும் சொன்னேன். 2022இல் வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதே தவறை வேறு மாதிரி செய்தேன். மூன்று தடவையும் ஊற்றிக்கொண்டது. 2024 ஜூனில் எழுதிய நான்காவது தேர்வில்தான் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே படிப்பறைக்குப் போய், புதிதாக வருகிறவர்கள் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லிவிடுகிறேன்.

போனைத் தள்ளி வை, ஹால் டிக்கெட்டை மறக்காதே, முந்தின ராத்திரி தூங்கு என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவை இங்கே இல்லை.

போர்ஷன் முடியட்டும், அப்புறம் டெஸ்ட்

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை, பழைய என் மேல்.

முதலில் ஒரு கணக்கு. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 180 நிமிடத்தை 200ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, யோசித்து, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்கவும் வேண்டும். ஒரு வட்டத்துக்கு 6 விநாடி என்று வைத்தாலே 200 வட்டத்துக்கு 20 நிமிடம் போய்விடும். ஆக, யோசிப்பதற்கு மிஞ்சுவது 48 விநாடி. இந்தக் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தது 2018 பிப்ரவரியில், தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த பிறகு. என் வாழ்க்கையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய முதல் முழுத் தேர்வு அந்த நிஜத் தேர்வுதான். கணக்குக் கேள்விகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியிருந்தேன். அந்தக் கடைசி வரவேயில்லை. மணி அடித்தபோது, நன்றாகத் தெரிந்த தனிவட்டிக் கணக்குகள்கூடக் கைபடாமல் கிடந்தன.

நேரம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், படித்தது தெரியும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது. எட்டுத்தொகை நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. தொகுத்தவர் யார் என்று தெரியவில்லை. இந்தப் பத்தியை ஐந்து முறை படியுங்கள். ஐந்தாவது முறை ஒவ்வொரு பெயரும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பழகிப்போயிருக்கும். இப்போது பக்கத்தை மூடிவிட்டு, அகநானூற்றைத் தொகுப்பித்தவர் யார் என்று கேளுங்கள். வழுதி என்று வரும். எந்த வழுதி?

தேர்வில் நான்கு விடைகளாக வருவதும் இந்தப் பெயர்கள்தான். எல்லாரையும் தெரியும், யாரை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் தெரியாது. 42ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 44ஆவதும் எனக்கு இப்படித்தான் ஆயின. முகவுரையில் 'சமதர்ம', 'மதச்சார்பற்ற' என்ற சொற்களைச் சேர்த்தது 1976இல் வந்த 42. சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுத்தது 1978இல் வந்த 44. இதைப் புத்தகத்தில் ஏழெட்டு முறை படித்திருப்பேன். அடிக்கோடும் போட்டிருப்பேன். கூற்று, காரணம் வகைக் கேள்வியாக வந்தபோது தலைகீழாகக் கருப்பாக்கிவிட்டு வந்தேன்.

இது என் மண்டையின் குறை மட்டும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் சிலருக்கு ஒரு பகுதியை இரண்டு முறை படிக்கக் கொடுத்தார்கள். சிலரை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை புரண்டுவிட்டது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். நம் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. படித்த அன்று ராத்திரி வருகிற அந்த 'எல்லாம் தெரியும்' நினைப்பை நம்பித்தான் நான் இரண்டு வருடத்தை ஓட்டினேன்.

2019இல் இன்னும் மோசம். "வேலையோடு படித்ததால்தான் போச்சு" என்று நானே காரணம் கண்டுபிடித்து, பார்த்துக்கொண்டிருந்த கடை வேலையை விட்டுவிட்டேன். நாளுக்கு பன்னிரண்டு மணி நேரம் படித்தேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு கேள்விக்குக்கூட விடை எழுதிப் பார்க்கவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி தேர்வு. முந்தின முறையை விடக் கூடுதலாக வந்தது எட்டே கேள்வி. பார்த்தவர்களெல்லாம் "விடாமுயற்சி இருக்கு, அடுத்த தடவை கண்டிப்பா அடிச்சிடுவ" என்று தட்டிக் கொடுத்தார்கள். எப்படிப் படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிச்சல்தான் பட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

2022இல் புத்தி வந்தது, பாதி புத்தி. டெஸ்ட் பேட்ச் ஒன்றில் சேர்ந்து இருபதுக்கும் மேலே மாதிரித் தேர்வுகள் எழுதினேன். ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைப் பார்ப்பேன். கூடினால் டீ, குறைந்தால் புலம்பல். அவ்வளவுதான். தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நேரம் இந்த முறை கைக்கு அடங்கியது. ஆனால் அதே வழுதி, அதே இரும்பொறை, அதே 44.

அந்தத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் கட்டி வைத்திருந்த பழைய தாள்களைப் பிரித்து, தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுதினேன். நான்கே காரணம்தான் வந்தது. படிக்கவேயில்லை. படித்தேன், மறந்துவிட்டேன். இரண்டுக்கு நடுவில் குழம்பினேன். கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லை ('பொருந்தாதது எது' என்பதில் பொருந்துவதைக் கருப்பாக்கியது இந்த வகை). படிக்கவேயில்லை என்ற பத்தியில்தான் கூட்டம் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மிகக் குறைவாக இருந்தது அதுதான். குழப்பத்தில்தான் பெரும்பங்கு போயிருந்தது. அதாவது, நான் வருடக் கணக்கில் முடிக்க ஓடிக்கொண்டிருந்த அந்தப் போர்ஷன் எனக்குப் பிரச்சினையாகவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் வாரத்திலேயே, ஒன்றும் படிக்காமலேயே, ஒரு பழைய கேள்வித்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். தேர்வாணைய இணையதளத்தில் முந்தைய தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அறுபது கேள்வி சரியாக வந்தாலும் பரவாயில்லை. எந்த மாதிரி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திறப்பதும், தெரியாமல் திறப்பதும் ஒன்றல்ல. அப்புறம் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருப்பதை வெற்றுத்தாளில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, ஓஎம்ஆர் தாளோடு. எழுத மூன்று மணி நேரம் என்றால், தவறுகளைப் பிரித்து எழுத இன்னொரு மூன்று மணி நேரம். அந்த இரண்டாவது மூன்று மணி நேரம் சலிப்பாக இருக்கும். எனக்கு இரண்டாவது நாளே தூக்கம் வந்தது. 2024 தேர்வுக்கு மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டே நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான் படித்தேன், அதில் பாதி நேரம் தவறுகளை எழுதி வைத்த நோட்டோடுதான்.

ஹைலைட்டர் தம்பியிடம் ஒரு பழைய தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். "படிக்காத பாடத்துலேருந்து வந்தா மார்க் குறையுமே அண்ணா" என்றான். குறையட்டும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்? நீ மட்டும்தானே. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. டெஸ்டைத் தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் போர்ஷன் இல்லை, அந்தச் சுருங்கல்தான் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் படித்துவிட்டு எண்பது கேள்விதான் சரி என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது. எனக்கு அது நான்கு வருடம் கழித்து வந்தது.

அறிவிப்பு வரட்டும்

2024இல் அறிவிப்பு ஜனவரி 30, தேர்வு ஜூன் 9. நான்கு மாதம் கிடைத்தது. 2025இல் அறிவிப்பு ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. வெறும் 78 நாள். 2019க்கும் 2022க்கும் நடுவில் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறவர் 78 நாளில் முடிக்கத் தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு வரவில்லையே என்று நிறுத்துகிறவர் அந்த மூன்று வருட இடைவெளியில் எல்லாவற்றையும் மறந்திருப்பார். நான் இரண்டாவது ரகம். 2020 முழுக்க ஒரு புத்தகம் தொடவில்லை.

தமிழ்தானே, பார்த்துக்கலாம்

200 கேள்விகளில் 100 தமிழ். மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி. அதோடு இது தகுதித் தேர்வும்கூட: 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அறுபது எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் வேலை கிடைப்பது அறுபதில் இல்லை. வீட்டில் பேசுகிற மொழி என்ற தைரியத்தில் இலக்கணத்தை ஒதுக்குகிறவர்கள், பொது அறிவில் ஒரு கேள்விக்காக நான்கு மாத நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கணக்கு வராது

25 கேள்வி, 37.5 மதிப்பெண். சதவீதம், விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., வட்டி, பரப்பளவு, வேலையும் நேரமும். நீங்கள் ஏற்கெனவே பத்தாம் வகுப்பில் பாஸ் செய்த கணக்குதான். தினமும் ஐந்து போடுங்கள்.

ஐம்பது டெலிகிராம் குழுக்கள்

வெளியேறுங்கள்.

தட்டச்சு

தட்டச்சர் பணிக்கும் இதே ஒரு தேர்வுதான். தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழ் இருந்தால் உங்களுக்கு இன்னொரு கதவு திறக்கிறது. போட்டியும் அங்கே குறைவு. ஆனால் அந்தத் தகுதி, அறிவிப்பு வெளியாகும் தேதியில் கையில் இருக்க வேண்டும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தால் அந்தச் சான்றிதழ் அடுத்த தேர்வுக்குத்தான் உதவும்.

ஊக்கமூட்டும் வீடியோக்கள்

வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் சாப்பிடும்போது.

தெரியாததை விட்டுவிட்டு வருவது

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பி நேர்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. நான்கில் இரண்டை அடித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றைப் போடுங்கள். எந்த வட்டத்தையும் தொடாமல் காலியாக விடுவது வேறு கதை. வினாத்தொகுப்பின் முதல் பக்கத்து அறிவுரைகளை அங்கேயே உட்கார்ந்து ஒரு முறை படித்துவிடுங்கள், விதிகள் மாறுகின்றன.

கீ வந்த பிறகு

தேர்வு முடிந்து சில நாட்களில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். பெரும்பாலானவர்கள் மார்க் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த விடை தப்பு, அந்த விடை தப்பு என்று டீக்கடையில் ஒரு வாரம் சண்டை போடுவார்கள். வழக்கமாக ஆட்சேபணை தெரிவிக்கக் கொடுப்பது 7 நாள், அதுவும் ஆதாரத்தோடு இணையத்தில். 2022இல் ஒரு விடை தப்பு என்று எனக்கு உறுதியாகத் தெரியும், பாடப்புத்தகத்தில் பக்கமும் தெரியும். எட்டாவது நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.